முதல் ஸ்போர்ட்ஸ் கார்: சேலம் வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை சேலம், ஏற்காடு பக்கமிருந்து வந்த கடிதங்களில் ஒரே பேச்சு: முதல் ஸ்போர்ட்ஸ் கார். வாங்கப் போகிறவர், வாங்கிவிட்டு மலையிறங்கும்போது பயந்தவர், அப்பா விட்டுப்போன வண்டியைத் துணி போட்டு மூடி வைத்திருப்பவர் எனப் பலரும் எழுதியிருக்கிறார்கள். பொதுவாக உதவும் கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: பெங்களூரில் வேலை. வாரக் கடைசியில் அஸ்தம்பட்டி வீட்டுக்கு வந்துவிடுவேன். பத்தாவது படிக்கும்போது ஏற்காடு மலைப்பாதையில் ஒரு சிவப்பு நிற இரண்டு சீட்டர் எங்கள் பஸ்ஸைத் தாண்டிப் போனது. அன்று பிடித்த ஆசை இன்னும் விடவில்லை. கையில் 12 லட்சம் இருக்கிறது. பழைய அபார்த் புன்ட்டோ, ஹூண்டாய் ஐ20 என் லைன், 14 வருடம் ஓடிய ஜெர்மன் இரண்டு சீட்டர் ஒன்று; மூன்றும் கைக்கெட்டும் விலையில் வருகின்றன. எதை வாங்கலாம்?
— மென்பொருள் பொறியாளர், அஸ்தம்பட்டி

பதில்: முதலில் கணக்கைப் பார்ப்போம். 12 லட்சம் இருந்தால் வண்டிக்கு 9 லட்சம் வரைதான் பேசுங்கள். பெயர் மாற்றம், வரி, இன்ஷூரன்ஸ் போக, மிச்சத்தில் முதல் வருடச் செலவு காத்திருக்கிறது: நான்கு டயர், பிரேக் ஆயில், பிரேக் பேட், கியர் ஆயில், பேட்டரி, சஸ்பென்ஷன் ரப்பர் புஷ். இந்தச் செலவுகள் நெருங்கும் நேரத்தில்தான் பெரும்பாலும் வண்டி விற்பனைக்கு வருகிறது. அதைத் தெரிந்துகொண்டு விலை பேசுங்கள்.

ஜெர்மன் இரண்டு சீட்டரில் ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது. வண்டியின் விலை வருடா வருடம் இறங்கும். ஸ்பேர் பார்ட்ஸ் விலை இறங்காது. ஷோரூமில் அரைக் கோடிக்கு விற்ற வண்டியின் ஹெட்லைட், அதை நீங்கள் 9 லட்சத்துக்கு வாங்கினாலும் அரைக் கோடி வண்டியின் ஹெட்லைட்தான். போதாததற்கு 14 வருட வண்டி என்றால் அடுத்த வருடமே 15 வருட ஆர்.சி. முடிந்து, மறுபதிவுக்கு நிற்க வேண்டும். நடு வழியில் நின்றால் பெங்களூருக்கோ கோவைக்கோ பிளாட் பெட் லாரியில் ஏற்றித்தான் அனுப்ப வேண்டும். தரைக்கு ஒட்டி ஓடும் வண்டியை முன் சக்கரம் தூக்கி இழுக்கும் மீட்பு வண்டியில் கட்டினால் பம்பரும் அடிப்பாகமும் போய்விடும்.

ஃபியட்டின் அபார்த் புன்ட்டோ 2015-ல் வந்தது. 1.4 லிட்டர் டர்போ, 145 குதிரைத்திறன், ஐந்து கியர், நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க். கனமான ஹைட்ராலிக் ஸ்டியரிங். கொண்டை ஊசி வளைவில் டயர் என்ன செய்கிறது என்பதைக் கைக்குச் சொல்லும். ஆனால் ஃபியட் 2020-க்குப் பிறகு இந்தியாவில் கார் விற்கவில்லை. இன்ஜின் பாகங்கள் பல, ஃபியட்டின் இன்னொரு காரான லீனியா டி-ஜெட்டுக்கும் பொருந்துவதால் தேடினால் கிடைக்கும். அபார்த்துக்கு என்றே வந்த அலாய் வீல், உட்புற பாகங்கள் உடைந்தால்தான் சிரமம்.

ஐ20 என் லைன் 2021-லிருந்து வருகிறது. 1 லிட்டர் டர்போ, 120 குதிரைத்திறன். புது வண்டி, சேலத்திலேயே சர்வீஸ், தினமும் ஓட்டலாம். வேகத்தில் அபார்த்துக்கு ஒரு படி கீழே என்றாலும் ஏற்காட்டுச் சாலையில் அந்த வித்தியாசத்தைக் காட்ட இடமே கிடையாது. இருபது கொண்டை ஊசி வளைவில் பெரும்பாலும் இரண்டாவது, மூன்றாவது கியரில்தான் ஓடப் போகிறீர்கள். அங்கே எடை குறைந்த, நீளம் குறைந்த வண்டிதான் இன்பம் தரும்.

எங்கள் யோசனை: எல்லா சர்வீஸ் பில்லும் கோப்பில் இருக்கும் ஓர் அபார்த் கிடைத்தால் அதை வாங்குங்கள். பில் இல்லை என்றால் ஐ20 என் லைனை மேனுவல் கியரில் எடுங்கள். இரண்டு சீட்டர் ஆசையை விட வேண்டாம். தினசரி ஓட்ட வேறு வண்டியும், பழுது வந்தால் ஒரு மாதம் பொறுக்கும் நிலையும் வந்த பிறகு அதை வாங்குங்கள். அவசரப்பட்டு வாங்கினால் அந்தச் சிவப்பு வண்டியின் ஞாபகமே கசந்துவிடும்.

கேள்வி: வண்டியைப் பார்க்கப் போகும்போது என்னென்ன பார்க்க வேண்டும்? மெக்கானிக்கை அழைத்துப் போகிறேன். ஆனாலும் நானும் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.
— வாசகர், சூரமங்கலம்

பதில்: நல்ல மெக்கானிக் கூட ஸ்போர்ட்ஸ் காரில் மயங்கிவிடுவது உண்டு. சத்தம் கேட்டதும் மனசு ஒப்புக்கொண்டுவிடும். அதனால் சத்தத்தைக் கடைசிக்கு வையுங்கள்.

காலையில் போங்கள். "நான் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்" என்று முந்தின நாளே சொல்லிவிடுங்கள். போனதும் பானட்டைத் திறந்து ரேடியேட்டர் மேல் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் யாரோ முன்பே ஓட விட்டிருக்கிறார்கள். இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிக் கிளம்பலாம். குளிர்ந்த இன்ஜின் முதல் முப்பது நொடியில் காட்டும் குறையைச் சூடான இன்ஜின் மறைத்துவிடும். ஸ்டார்ட் ஆனதும் இரண்டு மூன்று நொடிக்கு மேல் சங்கிலி உரசுவது போல் கடகடவென்று கேட்டால் இன்ஜினுக்குள் ஓடும் டைமிங் செயினும் அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும் தேய்ந்திருக்கலாம். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. இன்ஜின் சூடான பிறகும் நிற்காமல் இனிப்பு வாசனையோடு வெள்ளைப் புகை வந்தால் கூலன்ட் உள்ளே போகிறது. இன்ஜின் ஹெட்டுக்கு அடியில் உள்ள சீலான ஹெட் கேஸ்கெட்டில் சந்தேகம். ஆயில் மூடியின் உட்புறம் மோர்க் கட்டி போல் படிந்திருந்தாலும் அதே சந்தேகம்தான். குறைந்த தூரமே ஓடும் வண்டியில் வெறும் ஈரத்தாலும் அது வரலாம் என்பதால் கூலன்ட் அளவையும் சேர்த்துப் பாருங்கள்.

அடுத்து ஸ்கேனர். வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான பழுதைப் படிக்கும் ஓ.பி.டி. ஸ்கேனரைச் செருகி எரர் கோட் மட்டும் பார்த்துவிட்டு நல்லது என்று சொல்லிவிடக் கூடாது. வண்டி தன்னைத் தானே சோதித்த விவரம் உள்ள 'ரெடினஸ் மானிட்டர்' என்ற பக்கத்தைத் திறக்கச் சொல்லுங்கள். அதில் பல வரிகள் 'முடியவில்லை' என்று காட்டினால், சமீபத்தில் யாரோ எரர் கோட்களை அழித்திருக்கிறார்கள் அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். இன்னும் சில நாள் ஓட்டிவிட்டு மறுபடி காட்டச் சொல்லுங்கள்.

மீட்டரில் 38,000 என்று இருக்கிறது. ஆனால் பிரேக் பெடல் ரப்பர் வழவழப்பாகிவிட்டது, டிரைவர் சீட்டின் வெளி ஓரத் தோல் வெடித்திருக்கிறது என்றால் மீட்டரை நம்பாதீர்கள். பில்களில் உள்ள தேதியையும் கிலோமீட்டரையும் ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். எங்கே எண் பின்னால் போகிறது என்று அதுவே காட்டும்.

டயருக்கு வருவோம். பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 3219 என்றால் 2019-ஆம் ஆண்டின் 32-வது வாரத்தில் செய்தது. பள்ளம் எவ்வளவு இருந்தாலும் ஆறு வருடம் தாண்டிய டயரை ஸ்போர்ட்ஸ் காரில் வைத்துக்கொள்ள வேண்டாம். ரப்பர் இறுகிவிடும், ஈரச் சாலையில் பிடிக்காது. குனிந்து டயரின் உள் ஓரத்தை விரலால் தடவுங்கள். வெளியே புதுசாகவும் உள்ளே கம்பி தெரியும் அளவுக்கு மழுங்கியும் இருந்தால் அலைன்மென்ட் கெட்டிருக்கிறது அல்லது சஸ்பென்ஷன் கை வளைந்திருக்கிறது. நான்கு டயரும் நான்கு கம்பெனியாக இருந்தால் அந்த வீட்டில் இந்த வண்டிக்குப் பணம் செலவழிக்க மனசில்லை என்று அர்த்தம்.

பெயின்ட் தடிமன் அளக்கும் கருவி ஒன்று வாங்கிவிடுங்கள். கம்பெனி பெயின்ட் பெரும்பாலும் 90 முதல் 150 மைக்ரானுக்குள் இருக்கும். 300 தாண்டினால் அங்கே பட்டி பூசி டிங்கரிங் நடந்திருக்கிறது. கதவில் கீறலுக்காகப் பெயின்ட் அடித்திருந்தால் மன்னிக்கலாம். கூரையிலோ, கதவைத் திறந்தால் தெரியும் பில்லரிலோ அதிகம் காட்டினால் அந்த வண்டி வேண்டாம்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டியைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி. சீட் பெல்ட்டைப் பிடித்து இழுங்கள். வழக்கமாக நாம் இழுக்கும் அளவோடு நிறுத்தாமல், உருளையில் இனி இல்லை என்னும்வரை மெதுவாக இழுங்கள். கடைசி ஒரு சாண் துணியில் களிமண் நிறத்தில் ஒரு கோடு தெரிந்தால், அந்த உயரம் வரை தண்ணீர் நின்றிருக்கிறது. சீட்டைக் கழுவுவார்கள், கார்ப்பெட்டை மாற்றுவார்கள். பெல்ட்டின் அந்தக் கடைசிச் சாணை யாரும் இழுத்துக் கழுவுவதில்லை. ஸ்டெப்னி குழியின் மூலையையும், சீட்டுக்கு அடியில் உள்ள வயர் இணைப்புகளில் பச்சைக் களிம்பு இருக்கிறதா என்பதையும் அப்படியே பாருங்கள்.

ஓட்டிப் பார்க்கும்போது, ஆளில்லாத நேரான சாலையில் மூன்றாவது கியர், 40 கி.மீ. வேகம், ஆக்சிலேட்டரை முழுதாக மிதியுங்கள். ஆர்.பி.எம். முள் எகிறி வேகம் ஏறாமல் இருந்தால் கிளட்ச் வழுக்குகிறது. இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக் என்றால் நெரிசலில் ஊர்ந்து போகும்போது உதறுகிறதா என்று பாருங்கள். முடிந்தால் ஒரு மேட்டில் ரிவர்ஸ் எடுங்கள். உலர் வகை இரட்டை கிளட்ச், வெயிலில் நின்று நின்று நகரும் ஓட்டத்தில்தான் சீக்கிரம் தேயும். ஐந்து ரோடு சிக்னல் பக்கம் மாலை ஆறு மணிக்கு ஒரு சுற்று போய் வந்தால் போதும், உண்மை தெரிந்துவிடும்.

கடைசியாக, ஏ.சி.யைப் போட்டு வண்டியை இருபது நிமிடம் நின்ற இடத்திலேயே ஓட விடுங்கள். ரேடியேட்டர் ஃபேன் வேலை செய்கிறதா, முள் நடுவைத் தாண்டுகிறதா என்பது சேலத்து வெயிலில் அப்போதே தெரியும்.

கேள்வி: டெல்லி வண்டி மலிவாக வருகிறது என்கிறார்கள். எடுக்கலாமா? பேப்பர் வேலை எப்படி?
— வியாபாரி, செவ்வாய்ப்பேட்டை

பதில்: மலிவுக்குக் காரணம் இருக்கிறது. டெல்லி வட்டாரத்தில் 10 வருடம் தாண்டிய டீசல் வண்டிக்கும் 15 வருடம் தாண்டிய பெட்ரோல் வண்டிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயமும் உச்ச நீதிமன்றமும் கட்டுப்பாடு விதித்தன. அந்த வயதை நெருங்கும் வண்டிகளை வெளி மாநிலத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள். வண்டி நல்லதாகவே இருக்கலாம். ஆனால் விலை வித்தியாசத்தில் தமிழ்நாட்டு வாழ்நாள் வரியையும் லாரி வாடகையையும் கழித்துப் பார்த்தால் பெரும்பாலும் மிச்சம் சொற்பம்தான்.

எடுப்பதாக இருந்தால், முதலில் அந்த ஊர் ஆர்.டி.ஓ.விடமிருந்து படிவம் 28-ல் தடையில்லாச் சான்று. கடனில் வாங்கிய வண்டி என்றால், கடன் பதிவை ஆர்.சி.யிலிருந்து நீக்கும் படிவம் 35-ம் வங்கியின் கடிதமும். படிவம் 29, 30-ல் விற்பவர் கையெழுத்து. பாக்கி அபராதச் சலான் இல்லை என்பதை அரசின் பரிவாகன் இ-சலான் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். சேஸ் நம்பரைப் பென்சிலால் தேய்த்து எடுத்து ஆர்.சி.யில் இருப்பதோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம். தடையில்லாச் சான்று கைக்கு வரும்வரை முழுப் பணத்தையும் கொடுக்க வேண்டாம். புரோக்கர் எவ்வளவு பழக்கமானவராக இருந்தாலும் இதில் தளரக் கூடாது.

இன்ஷூரன்ஸில் ஒரு நுணுக்கம். பழைய பாலிசியில் 'நோ க்ளைம் போனஸ்', அதாவது க்ளைம் கேட்காத வருடங்களுக்குத் தரும் தள்ளுபடி, எத்தனை சதவீதம் என்று பாருங்கள். அது 20, 25, 35, 45, 50 என்று வருடா வருடம் ஏறும். ஐந்து வருடம் ஓட்டியவரின் பாலிசியில் பூஜ்யம் என்று இருந்தால் சமீபத்தில் பெரிய க்ளைம் நடந்திருக்கிறதா என்று கேளுங்கள். அந்தப் போனஸ் அவருடையது. வண்டியோடு உங்களுக்கு வராது. பாலிசியை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பித்துவிடுங்கள்.

கேள்வி: முதல் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கி, மனைவியோடு முதல் பயணமாக ஏற்காடு போனோம். ஏறும்போது சொர்க்கம். இறங்கும்போது பாதியில் கருகல் வாசனை. அடிவாரம் நெருங்கும்போது பிரேக் பெடல் பஞ்சு போல் உள்ளே போனது. மெக்கானிக் பார்த்துவிட்டு "பேட் நல்லா இருக்கு" என்கிறார். மனைவி இனி அந்த வண்டியில் ஏற மாட்டேன் என்கிறார்.
— ஆசிரியர், கன்னங்குறிச்சி

பதில்: மெக்கானிக் சொன்னது உண்மையாக இருக்கலாம். உங்கள் சிக்கல் பேடில் இல்லை, பிரேக் ஆயிலில்.

மலையில் ஏறியபோது இன்ஜின் தூக்கி வைத்த சக்தி முழுவதும் இறங்கும்போது எங்காவது வெப்பமாகப் போயாக வேண்டும். வண்டியும் இரண்டு பேரும் சேர்ந்து 1,450 கிலோ, இறக்கம் 1,000 மீட்டர் என்று வையுங்கள். அந்த வெப்பத்தில் 30 டிகிரியில் இருக்கும் 48 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரலாம். இரண்டு பெரிய அண்டாத் தண்ணீர். இன்ஜின் பிரேக்கிங் இல்லாமல் பெடலை மட்டுமே மிதித்து வந்தால் இதில் பெரும்பங்கு நான்கு டிஸ்க்கிலும் ஏறும். அங்கிருந்து, பேடை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பருக்கு, காலிப்பரிலிருந்து ஆயிலுக்கு.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை உள்ளது. டாட் 4 தரத்து ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அந்த எல்லை 155 வரை இறங்கிவிடலாம். கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழ் உண்டாகும். ஆயிலை அழுத்த முடியாது, ஆவியை அழுத்தலாம். அதனால்தான் பெடல் பஞ்சு போல் போகிறது. பெடல் கல் போல் இறுகி இருந்தும் வண்டி நிற்கவில்லை என்றால் அப்போது பேட் சூடேறி வழுக்குகிறது என்று அர்த்தம். இந்த இரண்டையும் பிரித்துச் சொன்னால் மெக்கானிக்குக் குழப்பம் வராது.

செய்ய வேண்டியது: முழு ஆயிலையும் மாற்றுங்கள். மேலே டப்பாவில் இருப்பதை மட்டும் உறிஞ்சிவிட்டுப் புதிதை ஊற்றுவது மாற்றியதாகாது. நான்கு காலிப்பரிலும் ப்ளீட் செய்து, அதாவது பழைய ஆயிலையும் காற்றையும் வெளியேற்றி, தெளிந்த ஆயில் வரும்வரை விட வேண்டும். ஒரு லிட்டர் பிடிக்கும். வெளியே வரும் பழைய ஆயில் டிகாக்‌ஷன் நிறத்தில் இருந்தால் எத்தனை வருடமாக மாற்றவில்லை என்று புரிந்துகொள்ளுங்கள். டாட் 4-க்குப் பதில் டாட் 5.1 போடலாம், அது 260 டிகிரி வரை தாங்கும். ஆனால் டாட் 5 என்று மட்டும் இருப்பது சிலிக்கான் வகை. அதைக் கலக்கவே கூடாது. சீல் திறந்து அலமாரியில் கிடந்த டப்பாவும் வேண்டாம். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை இந்த வேலையைச் செய்யுங்கள், வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும். அதே சமயம் பேட் 3 மி.மீ.க்குக் குறைந்திருந்தால் மாற்றுங்கள். டிஸ்க்கின் குறைந்தபட்சத் தடிமன் அதன் மேலேயே அச்சடித்திருக்கும், அளந்து பாருங்கள்.

இறங்கும் முறை: ஏறிய கியரிலேயே இறங்குங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் மேனுவல் மோடுக்கு மாற்றி இரண்டிலோ மூன்றிலோ பிடித்து வையுங்கள். 'டி'யில் விட்டால் கியர்பாக்ஸ் தானாக மேல் கியருக்குப் போய்விடும். வளைவுக்கு முன், நேரான இடத்தில் ஒரே முறை உறுதியாக மிதித்து வேகத்தைக் குறைத்துவிட்டுக் காலை எடுங்கள். லேசாக மிதித்துக்கொண்டே வருவதுதான் ஆயிலைக் கொதிக்க வைப்பது. மேலே ஏறி வரும் வண்டிக்கு வழி விடுவது மலைச்சாலை விதி; பஸ் ஏறி வருவதைப் பார்த்தால் வளைவுக்கு முன்பே ஒதுங்கி நில்லுங்கள்.

வாசனை வந்தால் அகலமான இடத்தில் ஓரம் கட்டி அரைமணி நேரம் நில்லுங்கள். பிரேக்கை அழுத்திக்கொண்டே நிற்க வேண்டாம். சூடான பேடின் பூச்சு டிஸ்க்கில் ஒட்டிக்கொண்டு பிறகு ஸ்டியரிங் உதறும். இறக்கம் என்பதால் ரிவர்ஸ் கியரில் போட்டு, ஆட்டோமேட்டிக் என்றால் 'பி'யில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றவே கூடாது, வளைந்துவிடும், வெடிக்கவும் செய்யலாம்.

ஆயில் மாற்றிய பிறகு முதலில் நீங்கள் மட்டும் ஒரு முறை போய் வாருங்கள். அடிவாரத்தில் நிறுத்திப் பெடலை அழுத்திப் பார்த்து, காலையில் கிளம்பும்போது இருந்த அதே உயரத்தில் அது நின்றால் மனைவியை அழையுங்கள். தாராளமாக வருவார்.

கேள்வி: எங்கள் தெரு வேகத்தடையில் வண்டி அடி தட்டுகிறது. சஸ்பென்ஷனை உயர்த்தலாமா?
— வாசகர், அம்மாபேட்டை

பதில்: வேண்டாம். சாலை அளவுகளை வகுக்கும் இந்திய ரோட்ஸ் காங்கிரஸின் அளவுப்படி வேகத்தடை 10 செ.மீ. உயரமும் 3.7 மீட்டர் அகலமும் இருக்க வேண்டும். அந்த அளவில் கட்டியிருந்தால் பெரும்பாலான வண்டிகள் தாண்டிவிடும். தெருவில் ஆளாளுக்குக் கட்டும் குறுகிய மேடுதான் பிரச்சினை. இரண்டு பேருக்கு மேல் ஏற்றாமல், சாய்வாக ஏறி, ஒவ்வொரு சக்கரமாக இறக்குங்கள். ஸ்பேசர் வைத்து உயர்த்தினால் அலைன்மென்ட் மாறும், ஆக்சிலை மூடும் ரப்பர் உறை (பூட்) சீக்கிரம் கிழியும், வளைவில் வண்டி சாயும். எந்த ரசனைக்காக வாங்கினீர்களோ அதுவே போய்விடும்.

கேள்வி: திறந்த கூரை வண்டி. ஏற்காட்டில் எஸ்டேட் வீட்டில் மரத்தடியில் நிற்கிறது. மழைக்குப் பிறகு சீட்டுக்குப் பின்னால் ஈரம், கூரையும் பாதியில் நிற்கிறது.
— வாசகி, ஏற்காடு

பதில்: மேலே சில்வர் ஓக் மரம் இருக்கும், இல்லையா? அந்த இலை காய்ந்தால் பொடிந்து, கூரை மடியும் பள்ளத்தில் உள்ள வடிகால் துளையை அடைத்துவிடும். தேங்கும் தண்ணீர் பின்னால் உள்ள ஹைட்ராலிக் பம்பு மோட்டாருக்குப் போகும். சில மாடல்களில் அந்த மோட்டாரே பள்ளத்தின் அடியில்தான் இருக்கிறது. துளையில் மெல்லிய நைலான் நரம்பை விட்டு மெதுவாகச் சுத்தம் செய்யுங்கள். கம்பி விட வேண்டாம், உள்ளே ரப்பர் குழாய் கழன்றுவிடும். ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி, அது சக்கரத்துக்குப் பக்கத்தில் சொட்டுகிறதா என்று பாருங்கள். மழைக்காலம் தொடங்கும் முன் ஒரு முறை, நடுவில் ஒரு முறை செய்யுங்கள். காற்றோட்டமில்லாத பிளாஸ்டிக் உறை போட்டு மூடாதீர்கள். மலைப் பனியில் உள்ளே பூஞ்சை பிடிக்கும்.

கேள்வி: அப்பாவிடம் ஒரு சான் ஸ்டார்ம் இருந்தது. அவர் வாங்கிய முதல், ஒரே ஸ்போர்ட்ஸ் கார். ஞாயிற்றுக்கிழமை என்னைப் பக்கத்து சீட்டில் உட்கார வைத்து ஏற்காடு அழைத்துப் போவார். அவர் போய்விட்டார். வண்டி 11 வருடமாகக் கொட்டகையில் நிற்கிறது. அதை எழுப்பி ஒரு முறையாவது அதே பாதையில் போக வேண்டும். எங்கே தொடங்குவது?
— மகள், குகை

பதில்: சாவி போடாமல் தொடங்குங்கள், அம்மா. ஆசையில் பேட்டரி மாட்டி ஒரு முறை ஸ்டார்ட் செய்து பார்ப்பதில்தான் பல வண்டிகள் கெடுகின்றன.

சான் ஸ்டார்மில் இருப்பது ரெனோவின் 1,149 சிசி இன்ஜின். பாடி ஃபைபர் கிளாஸ். பாடி துருப்பிடிக்காது என்பது நல்ல செய்தி. அடியில் இரும்புச் சட்டம் துருப்பிடிக்கும். முதலில் வண்டியைத் தூக்கி, சட்டத்தை நீளமாக ஸ்க்ரூ டிரைவர் பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். 'டங்' என்றால் நல்லது. மந்தமாகச் சத்தம் வந்தால், உதிர்ந்தால், அங்கே வெல்டிங் வேலை இருக்கிறது. சட்டம் சரியில்லாமல் வேறெதற்கும் செலவு செய்யாதீர்கள்.

பிறகு இன்ஜின். பழைய பெட்ரோல் பிசின் போல் ஆகியிருக்கும். டேங்கைக் கழற்றிக் காலி செய்து, உள்ளே துரு பார்த்து, ஃபில்டரையும் ரப்பர் குழாய்களையும் புதிதாகப் போடுங்கள். இப்போது பங்கில் கிடைப்பது எத்தனால் கலந்த பெட்ரோல் என்பதால் எத்தனால் தாங்கும் குழாயாகக் கேட்டு வாங்குங்கள். நான்கு ஸ்பார்க் ப்ளக்கையும் எடுத்து, ஒவ்வொரு துளையிலும் இரண்டு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு ஒரு நாள் ஊற விடுங்கள். மறுநாள் கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பானர் போட்டு, இன்ஜின் சுற்றும் திசையிலேயே கையால் இரண்டு முழுச் சுற்று. இறுகி நின்றால் வலுக்கட்டாயம் வேண்டாம். இன்னும் இரண்டு நாள் ஊறட்டும்.

டைமிங் பெல்ட்டை மாற்றாமல் இந்த இன்ஜினை ஓட விடாதீர்கள். 11 வருடம் ஒரே வளைவில் நின்ற ரப்பர் எப்போது அறும் என்று சொல்ல முடியாது. பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்பு மூன்றையும் ஒன்றாக மாற்றினால் கூலி ஒரு முறைதான். எலி வயரைக் கடித்திருக்கிறதா என்று வயர் கட்டை (ஹார்னஸ்) முழுதாகப் பிரித்துப் பாருங்கள். புது ஆயில், புது ஃபில்டர் போட்டு, ப்ளக் இல்லாமலேயே, இக்னிஷன் காயில், இன்ஜெக்டர் இரண்டின் வயர் இணைப்பையும் கழற்றி வைத்து, ஆயில் பிரஷர் விளக்கு அணையும்வரை விட்டு விட்டுச் செல்ஃப் அடியுங்கள். அதற்குப் பிறகுதான் ப்ளக், பெட்ரோல், சாவி. முதல் ஆயிலை 500 கி.மீ.யிலேயே மாற்றிவிடுங்கள், உள்ளே கிடந்த அழுக்கெல்லாம் அதில் வரும்.

பிரேக்கில் பாதி வேலை வேண்டாம்: மாஸ்டர் சிலிண்டர் கிட், காலிப்பர், வீல் சிலிண்டர் ரப்பர், வளையும் ஹோஸ்கள், ஆயில், ஐந்து டயர். கிடைக்காத பாகத்துக்குப் பழையதைச் சாம்பிள் காட்டி மற்ற வண்டிகளின் பாகத்தில் பொருந்துவதைத் தேடலாம். புஷ், பின் மாதிரியானவற்றை நல்ல லேத் பட்டறையில் கடைந்து வாங்கலாம். பிரேக் பாகத்தை மட்டும் கடையக் கொடுக்காதீர்கள். ஃபைபர் பாடியில் விரிசலுக்கு இரும்பு வண்டிக்கான பட்டி பூசினால் சில மாதத்தில் கழன்றுவிடும். கிளாஸ் மேட்டும் ரெசினும் வைத்து வேலை செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

கூடவே பேப்பர். உரிமையாளர் இறந்தால் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் படிவம் 31-ல் வாரிசு பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். தாமதத்துக்குக் கட்டணம் கட்ட வேண்டியிருக்கும். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் ஒப்புதல், ஆர்.சி. தேவை. பெயர் மாறிய பிறகு படிவம் 25-ல் ஆர்.சி. புதுப்பிப்பு, வண்டியை நேரில் காட்ட வேண்டும், ஐந்து வருடத்துக்குத் தருவார்கள். இன்ஷூரன்ஸ் இல்லாமல் தெருமுனை வரைகூட ஓட்ட வேண்டாம்.

பெயின்டும் சீட் துணியும் கடைசி. அவசரப்பட்டு எல்லாவற்றையும் புதிதாக்கிவிடாதீர்கள். அப்பாவின் கை பட்டுத் தேய்ந்த ஸ்டியரிங்கும் கியர் நாபும் அப்படியே இருக்கட்டும். மெக்கானிக்கிடம் முதல் நாளே சொல்லி, அவற்றில் ஒரு துணியைச் சுற்றிக் கட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் நல்லது செய்வதாக நினைத்து மாற்றிவிடுவார்கள். சேலத்துக்குள் 200 கி.மீ. ஓட்டிப் பழகிய பிறகு, கூட்டமில்லாத ஒரு நாள் காலையில் மலையேறுங்கள்.

கேள்வி: சைலன்சரை மாற்றிச் சத்தம் கூட்டலாமா?
— மாணவர், மெய்யனூர்

பதில்: கூடாது. கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. அந்தப் பணத்தில் நல்ல டயர் வாங்குங்கள்.

கேள்வி: எட்டு வருடம் ஓட்டிய முதல் ஸ்போர்ட்ஸ் காரை விற்கிறேன். குடும்பம் பெரிதாகிவிட்டது. அதன் நினைவாக எதை எடுத்து வைத்துக்கொள்ளலாம்?
— வாசகர், சீலநாயக்கன்பட்டி

பதில்: இரண்டு சாவியும், கையேடும், சர்வீஸ் புத்தகமும், பில் கோப்பும் வண்டியோடு போக வேண்டும். அவை வாங்குகிறவருக்கு உரியவை, விலையும் அதனால்தான் நிற்கும். நம்பர் பிளேட்டையும் எடுக்கக் கூடாது. உயர் பாதுகாப்புப் பிளேட் அந்த வண்டியின் பதிவோடு கட்டுண்டது. ஆனால் எல்லாப் பில்லையும் ஸ்கேன் செய்து வையுங்கள். நீங்கள் மாற்றிய பழைய பாகங்களில் ஒன்று, தேய்ந்த பிரேக் டிஸ்க்கோ கியர் நாபோ, வீட்டில் கிடந்தால் அது உங்களுடையது.

பலர் மறந்துவிடுவது சத்தத்தை. புகைப்படம் ஆயிரம் இருக்கும், சத்தம் ஒன்றுகூட இருக்காது. விடியற்காலையில், தெரு அடங்கியிருக்கும்போது, புகைக்குழாயிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி, நேர் பின்னால் இல்லாமல் சாய்வாக ஃபோனை வையுங்கள். மைக்கின் மேல் மெல்லிய சாக்ஸைப் போர்த்தினால் காற்றின் இரைச்சல் வராது. குளிர்ந்த ஸ்டார்ட்டிலிருந்து ஐடில் அடங்கும்வரை ஒரு நிமிடம் பதியுங்கள். பிறகு பக்கத்து சீட்டில் ஒருவரை உட்கார வைத்து, ஏற்காடு ஏற்றத்தில் இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்கு மாறும் இடத்தைக் கண்ணாடி ஏற்றி ஒரு முறை, இறக்கி ஒரு முறை. இதையெல்லாம் அட்வான்ஸ் வாங்கும் முன்பே முடித்துவிடுங்கள். அட்வான்ஸ் வாங்கிய பிறகு அந்த வண்டியின் மீட்டர் ஓடக் கூடாது.